'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை நண்பர்களோடு திரும்பக் கேட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் இந்த ஆல்பத்தை மனப்பாடமாக அறிந்தவர்கள் ஒன்றுகூடுகிறார்கள். மூன்று மணி நேரம் பேசுகிறார்கள். ஆனால் ஆல்பத்தைக் கேட்காமலே கலைந்துபோகிறார்கள். இதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். ஆர்வம் குறைந்ததால் இப்படி நடப்பதில்லை. ஆர்வம் மிகுந்தவர்கள்தான், முதல் பாட்டு முடிவதற்குள் தெரிந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்துவிடுகிறார்கள். அதன்பின் மற்றவர்கள் காதில் விழுவது சொல்லப்பட்ட கதை மட்டுமே.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே வரிசையைத்தான் காப்பாற்றுகிறது: முதலில் கேட்பது, அடுத்துப் பேசுவது, தகவல்கள் கடைசியில். வரிசை மாறினால் மாலையே வீணாகும். நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆல்பம் ஏறத்தாழ 43 நிமிடம்தான், ஆனால் இருமுறை கேட்க வேண்டும்.

1. எந்தப் பதிப்பு என்று முன்னதாகவே முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். செயலியில் பெயரைத் தேடினால் பல ஆல்பங்கள் வரிசையாக வந்து நிற்கும். 1974 வெம்பிளி மேடைப் பதிவு ஒன்று. குழுவின் பேஸ் கிதார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ் 2023-ல் தனியாகப் புதிதாய்ப் பதிவுசெய்து வெளியிட்ட 'ரிடக்ஸ்' ஒன்று. 2011-லும் 2023-லும் வந்த மறுபதிப்புகள் வேறு. அவசரத்தில் யாரோ ஒருவர் எதையாவது தட்டிவிடுவார். இரண்டு பாட்டு ஓடிய பிறகுதான் 'இது அது இல்லையே' என்று ஒருவர் சொல்வார்.

நீங்கள் தேட வேண்டியது 1973-ல் வெளிவந்த ஸ்டூடியோ ஆல்பம், இரு ஸ்பீக்கர்களுக்கான ஸ்டீரியோ கலவை. மறுபதிப்பு எந்த ஆண்டினதாக இருந்தாலும் பரவாயில்லை. சில செயலிகள் ஒலியைச் சுற்றிலும் பரப்பும் அட்மாஸ் கலவையைத் தாமாகவே தேர்ந்தெடுக்கும். அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்திவிடுங்கள். எல்லோரும் நினைவில் வைத்திருப்பது ஸ்டீரியோ கலவையைத்தான், நினைவில் உள்ளதோடு ஒப்பிடத்தான் கூடுகிறீர்கள்.

இசைத்தட்டு வைத்திருப்பவர் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தட்டின் ஒலி உயர்ந்தது என்ற நம்பிக்கையால் இதைச் சொல்லவில்லை. தட்டில் பாட்டைத் தாண்டிப் போவது சிரமம், அதனால் யாரும் தாண்ட மாட்டார்கள். முதல் பக்கம் முடிந்ததும் திருப்பிப்போட வேண்டியிருப்பதால் சரியான இடத்தில் இடைவேளையும் கிடைத்துவிடும்.

2. ஐந்து முதல் ஏழு பேர், அதற்கு மேல் வேண்டாம்

ஸ்டீரியோ ஒலி சரியாக விழும் இடம் ஓர் அறையில் சிறியது. ஏழு பேருக்கு மேல் வந்தால் சிலர் சுவரோரம் உட்கார்ந்து ஒரே ஒரு ஸ்பீக்கரைத்தான் கேட்பார்கள். பேசும் நேரத்திலும் எல்லோருக்கும் முறை வராது.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது, தீவிர ரசிகர்களோடு இந்த ஆல்பத்தைச் சிதறலாக மட்டுமே கேட்ட ஒருவரையும் சேருங்கள். 'மணி' பாட்டு மட்டும் தெரிந்தவர், அல்லது ஆல்பத்தின் உறையில் உள்ள முப்பட்டகப் படம் போட்ட சட்டை வைத்திருந்தும் முழுதாகக் கேட்காதவர். அவர் கேட்கும் கேள்விகள்தான் மற்றவர்களை அவர்களுடைய பழைய முடிவுகளிலிருந்து எழுப்பும். கிதார் வாசிப்பவரோ மிருதங்கம் கற்றவரோ இருந்தால் நல்லது. இரண்டாம் சுற்றில் அவருக்கு வேலை இருக்கிறது.

3. அறையை முந்தின நாளே தயார் செய்யுங்கள்

ஸ்பீக்கர் இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே பெட்டியாக வரும் புளூடூத் ஸ்பீக்கரில் இந்த ஆல்பத்தை வைக்காதீர்கள். இடமும் வலமும் அதில் கலந்துபோகும். 'ஆன் தி ரன்' பாட்டில் ஓடும் காலடிகள் அறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது போய்விடும். வேறு வழியே இல்லை என்றால் ஆளுக்கொரு ஹெட்போன் எடுத்துவந்து ஒரே நேரத்தில் தொடங்குவது மேல்.

இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ, ஏறத்தாழ அதே தூரத்தில் நாற்காலிகளைப் போடுங்கள். ஸ்பீக்கர்களைச் சற்று உட்புறமாகத் திருப்பி, காது உயரத்துக்கு வருமாறு மேசைமேல் வையுங்கள். பிறகு இணைப்புக் கம்பிகளைப் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் பேஸ் கிதார் மெலிந்து, பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் பரவும். இந்தத் தவறு எளிதில் கண்ணில் படாது. 'ப்ரீத்' பாட்டைப் போட்டு, குரல் நேர் நடுவிலிருந்து வருகிறதா என்று கேளுங்கள்.

செயலியில் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். பாட்டுகளின் வரிசையைக் கலைக்கும் ஷஃபிள் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு செயற்கையாகக் கலக்கும் கிராஸ்ஃபேடு வசதியும் நிற்க வேண்டும். பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழாதபடி செய்யும் வசதி மட்டும் இயங்க வேண்டும். இங்கே பாட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன. 'பிரெய்ன் டேமேஜ்' முடிந்து 'எக்லிப்ஸ்' தொடங்கும் இடத்தில் அரை நொடி மௌனம் விழுந்தாலும் அந்தத் திருப்பம் செத்துவிடும். விளம்பரம் வரும் இலவசக் கணக்கைப் பயன்படுத்தவே வேண்டாம். ஆல்பத்தை முன்கூட்டியே இறக்கிக்கொண்டு போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, மின்விசிறி. ஆல்பம் மௌனத்திலிருந்து மெல்ல எழும் இதயத் துடிப்போடு தொடங்குகிறது. தலைக்கு மேல் விசிறி முழு வேகத்தில் சுழன்றால் முதல் சில நொடிகள் யாருக்கும் கேட்காது. அறையை முன்பே குளிரவைத்துவிட்டு விசிறியைக் குறைந்த வேகத்துக்கு மாற்றுங்கள். முறுக்கும் மிக்சரும் முதல் சுற்று முடிந்த பிறகு வரட்டும்.

4. ஒலி அளவைக் கடிகாரங்களை வைத்துத் தீர்மானியுங்கள்

எல்லோரும் செய்யும் பிழை இது. தொடக்கத் துடிப்பு மெலிதாக இருக்கிறதே என்று ஒலியைக் கூட்டுவார்கள். ஒரு நிமிடத்தில் ஓர் அலறல் எழுந்து 'ப்ரீத்' பிறக்கும்; அப்போது கொஞ்சம் குறைப்பார்கள். 'டைம்' தொடங்கி எல்லாக் கடிகாரங்களும் ஒரே நேரத்தில் மணியடிக்கும்போது பதறிப்போய் மேலும் குறைப்பார்கள். அதற்குப் பிறகு ஆல்பம் முழுவதும் ஒலியோடு மல்லுக்கட்டுதான்.

ஆட்கள் வருவதற்கு முன் 'டைம்' பாட்டின் அந்த மணியோசையைப் போட்டு, காது கூசாத உச்ச அளவு எது என்று பாருங்கள். குமிழை அங்கே நிறுத்துங்கள். பிறகு கடைசிவரை தொடவே வேண்டாம். மெல்லிய இடங்கள் மெல்லியதாகவே இருக்கட்டும், அந்த ஏற்ற இறக்கம் திட்டமிட்டுச் செய்யப்பட்டது.

5. முதல் சுற்று: யாரும் பேசக் கூடாது

தொடங்குமுன் விதியைச் சொல்லிவிடுங்கள். 43 நிமிடம் வாய் திறக்கக் கூடாது. போன் வேறு அறையில். பாடல் வரிகள் அச்சடித்த தாள் கையில் கூடாது.

மூன்றாவது விதியைத்தான் பலர் எதிர்ப்பார்கள். ஆங்கில உச்சரிப்பு பிடிபடாது, தாள் இருந்தால் உதவும் என்பார்கள். கொடுக்காதீர்கள். ஆல்பத்தின் பத்துத் தலைப்புகளில் 'ஸ்பீக் டு மி', 'ஆன் தி ரன்', 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை', 'எனி கலர் யூ லைக்' ஆகிய நான்கில் பாடப்படும் சொற்களே இல்லை. தாள் வைத்திருப்பவர் அந்த நான்கையும் இடைவேளையாக எடுத்துக்கொள்கிறார். அடுத்த பாட்டின் வரிகளைப் படிக்கத் தொடங்கிவிடுகிறார். 'டைம்' பாட்டிலேயே குரல் வருவதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த இரண்டு நிமிடமும் குழுவின் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசன், ரோட்டோடாம் என்னும் சிறு டிரம்களைத் தட்டித் தட்டி வெட்டவெளியை உண்டாக்குகிறார். தாளைப் பார்ப்பவருக்கு அது வெறும் காத்திருப்பு.

இடைவேளை ஒரே இடத்தில்தான்: 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' முடிந்து 'மணி' தொடங்குவதற்கு முன். இசைத்தட்டில் முதல் பக்கம் அங்கேதான் முடிகிறது. இரண்டு நிமிடம் போதும். அப்போதும் ஆல்பத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் இதயத் துடிப்பு திரும்ப வரும். அது முழுதாக அடங்கும்வரை யாரும் எழ வேண்டாம். சில பதிப்புகளில் துடிப்புக்கு அடியில் மிக மெலிதாக, பீட்டில்ஸ் பாட்டொன்றின் வாத்தியக்குழு வடிவம் கேட்கும். முன்னதாக இதைச் சொன்னால் எல்லோரும் அதை மட்டுமே தேடுவார்கள், சொல்லாமல் வைத்திருங்கள்.

6. பேசுவதற்கு முன் எழுதுங்கள்

துடிப்பு அடங்கியதும் ஆளுக்கொரு தாளும் பேனாவும் கொடுங்கள். பத்து நிமிடம். எழுத வேண்டியது இரண்டுதான்: முன்பு கவனிக்காமல் இன்று கேட்ட ஏதேனும் ஒன்று, முன்பு பிடித்திருந்து இன்று பிடிக்காமல் போன ஏதேனும் ஒன்று.

இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்தால் என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறேன். அதிகம் தெரிந்தவர் முதலில் பேசுவார், மற்றவர்கள் அவர் கருத்தைத் தங்கள் கருத்தாக ஏற்றுக்கொண்டுவிடுவார்கள். எழுதிவிட்டால் அப்படி மாற்றிக்கொள்ள முடியாது. பிறகு வாசிக்கும்போதும் ஆல்பத்தைக் குறைவாகக் கேட்டவரிலிருந்து தொடங்குங்கள். தீவிர ரசிகர் கடைசி.

'எது சிறந்த பாட்டு' என்ற கேள்வியை இப்போது யாராவது எழுப்புவார். ஒத்திப்போடுங்கள். தரவரிசை போட ஆரம்பித்தால் ஒவ்வொருவரும் ஒரு பாட்டுக்கு வக்கீலாகிவிடுவார், அதன்பின் காதுக்கு வேலை இல்லை.

7. இரண்டாம் சுற்று: ஆளுக்கு ஒரு வேலை

சாப்பிட்டு முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். மாலையின் மிகச் சிறந்த பகுதி இதுதான். இந்தச் சுற்றில் நிறுத்தலாம், பின்னால் போகலாம், பேசலாம். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஒப்படைக்க வேண்டும். எல்லாவற்றையும் கவனிக்கச் சொன்னால் எதுவும் பிடிபடாது.

தாளம் தெரிந்தவருக்கு 'மணி' பாட்டைக் கொடுங்கள். காசு, கல்லாப்பெட்டி, காகிதம் கிழிவது என்று தொடக்கத்தில் சுற்றிச் சுற்றி வரும் ஒலிகளை எண்ணச் சொல்லுங்கள். ஏழு வரும். அந்த ஏழின்மேல்தான் பேஸ் கிதார் வந்து அமர்கிறது. மிச்ர சாபு பழகியவர்கள் தகிட தகதிமி என்று கையால் போட்டுப் பார்க்கலாம். உட்பிரிவுகள் அப்படியே பொருந்தாது, ஆனால் ஏழாவது எண்ணிக்கைக்குப் பின் மீண்டும் முதலுக்கு வருவது பிடிபட்டுவிடும். டிக் பேரியின் சாக்ஸபோன் முழுவதும் ஏழிலேயே ஓடும். அடுத்து கிதார் நுழையும்போது கை தவறும். தாளம் நான்குக்கு மாறிவிட்டது. அந்தத் தவறலை அவரவர் கையில் உணர வேண்டும், எனவே முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

அதே கிதார் பகுதியை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். குழுவின் கிதார் கலைஞர் டேவிட் கில்மோர் மூன்று சுற்று வாசிக்கிறார். முதல் சுற்று எதிரொலியோடு அகன்று ஒலிக்கும். இரண்டாவதில் எதிரொலி முழுக்க உலர்ந்து, மற்ற வாத்தியங்களும் ஒதுங்கி, கிதார் காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மூன்றாவதில் எல்லாம் மறுபடி வெள்ளமாகத் திரும்பும். நடுவில் வறண்ட அந்தச் சில நொடிகள் இல்லாவிட்டால் மூன்றாவது சுற்றுக்கு இத்தனை பலம் வந்திருக்காது. நிறுத்தி, மீண்டும் போட்டுக் காட்டுங்கள். புதியவருக்குக்கூட உடனே விளங்கும்.

ஒருவர் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டை மட்டும் பின்தொடரட்டும். ரசிகர்கள் வழக்கமாக வாட்டர்ஸையும் கில்மோரையும்தான் கேட்கிறார்கள். ரைட்டின் பியானோ இல்லாமல் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' இல்லை. 'அஸ் அண்ட் தெம்' அவருடைய ஹேமண்ட் ஆர்கனோடுதான் விடிகிறது. முழு ஆல்பத்தையும் அவர் வழியாகக் கேட்டு வந்தவர் சொல்வதை மற்றவர்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும். என் கணிப்பில் இந்த ஆல்பத்தின் நிறத்தைத் தீர்மானிப்பவர் அவர்தான்.

இன்னொருவர் யார் பாடுகிறார் என்று குறித்துக்கொண்டு வரட்டும். வரிகள் அத்தனையும் வாட்டர்ஸ் எழுதியவை, ஆதலால் அவரே பாடுகிறார் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முன்னணிக் குரலாக அவர் வருவது கடைசி இரண்டு பாட்டுகளில் மட்டுமே. அதுவரை கில்மோர், 'டைம்' பாட்டில் இடையிடையே ரைட். கடைசியில் வாட்டர்ஸ் நுழையும்போது குரலின் தன்மையே மாறுவதைக் கேட்டால், ஆல்பம் ஏன் அங்கே நெருக்கமாகிறது என்பது தெரியும்.

மீதமிருப்பவர் இரண்டு விஷயங்களை வேட்டையாடலாம். ஒன்று, திரும்பி வருபவை: 'டைம்' முடிவில் 'ப்ரீத்' மறுபடி தலைகாட்டும் இடம், கடைசியில் துடிப்பு திரும்பும் இடம். மற்றொன்று, பாட்டுகளுக்கு இடையில் பேசும் குரல்கள். எத்தனை பேர், சிரிப்பவர் யார், எந்தக் குரல் இருமுறை வருகிறது என்று நிமிடத்தோடு எழுதிக்கொள்ளட்டும்.

8. தகவல்களை இப்போது எடுங்கள், ஒவ்வொன்றையும் இசையோடு

ஏற்பாடு செய்பவர் ஐந்தாறு சீட்டுகளில் தகவல்களை எழுதி வைத்திருக்க வேண்டும். ஒருவர் ஒரு சீட்டை எடுத்து வாசிப்பார். உடனே அது தொடர்பான அரை நிமிட இசையைப் போட வேண்டும். இசையில் கேட்கக் கிடைக்காத தகவலுக்குச் சீட்டு வேண்டாம். அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 700 வாரங்களுக்கு மேல் இருந்தது உண்மைதான், ஆனால் அதை எந்தப் பாட்டில் கேட்பீர்கள்?

எழுதத் தகுந்தவை சில. கடிகாரங்களை ஆலன் பார்சன்ஸ் ஒரு பழங்காலக் கடிகாரக் கடையில் தனித்தனியாகப் பதிவுசெய்து வந்தார்; அவர்தான் லண்டன் அபே ரோட் ஸ்டூடியோவில் இந்த ஆல்பத்தின் ஒலிப்பதிவுப் பொறியாளர். 'ஆன் தி ரன்' பாட்டின் ஓட்டம், ஒரு சின்தசைசரில் எட்டு ஸ்வரங்களைப் பதித்து வேகத்தைக் கூட்டியதில் பிறந்தது. 'அஸ் அண்ட் தெம்' மெட்டை ரைட் முதலில் இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனியின் 'சப்ரிஸ்கி பாயின்ட்' படத்துக்காக அமைத்தார். அங்கே அது எடுபடவில்லை. பேசும் குரல்களுக்கு வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகள் எழுதி, ஸ்டூடியோவில் இருந்தவர்களிடம் பதில் வாங்கினார். பால் மெக்கார்ட்னியும் பதில் சொன்னார், அது சேர்க்கப்படவில்லை. ஆல்பத்தின் கடைசிச் சொற்கள் ஸ்டூடியோ வாயிற்காவலர் ஜெரி ஓட்ரிஸ்காலுடையவை.

தகவல் ஏன் கடைசியில் வர வேண்டும் என்பதற்கு 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' ஒன்றே சாட்சி. பாடிய கிளேர் டோரிக்குச் சொற்கள் கொடுக்கப்படவில்லை; குரலை வாத்தியம்போலப் பயன்படுத்தினார். கூலி 30 பவுண்டு. 2004-ல் அவர் வழக்குத் தொடர்ந்தார், 2005-ல் சமரசம் ஏற்பட்டது. அதன்பின் பாட்டின் உருவாக்கத்தில் ரைட்டோடு அவர் பெயரும் சேர்ந்தது. இதை முதலில் சொன்ன கூட்டங்களில், பாட்டு ஓடும்போதே அநியாயம், நீதி என்று முணுமுணுப்பு தொடங்கிவிடும். கேட்ட பிறகு சொன்னால், இந்தக் குரலா வெறும் கூலிக்குப் பாடியது என்று அறை ஒரு கணம் அசந்துபோகும். தகவல் ஒன்றேதான், ஆனால் முதலில் சொன்னபோது குரல் மறைந்துபோனது.

1972 ஜனவரியிலேயே இவர்கள் இந்தத் தொடரை மேடையில் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கும் ஒரு சீட்டு போடுங்கள். ஸ்டூடியோவுக்குள் போகுமுன்பே பாட்டுகளின் வரிசையும் இணைப்பும் மக்கள் முன் பழகியிருந்தன. பாட்டுகள் சேரும் இடங்களை அதன்பின் கேட்டால் அந்தத் தேர்ச்சி தெரியும்.

9. வரிகளும் உறையும்

வரித்தாள் இப்போது வரலாம். இசைத்தட்டு இருந்தால் உறையின் உட்புறத்திலேயே அச்சாகியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பாட்டு, சத்தமாக, பாடாமல் வாசிக்க வேண்டும். மெட்டு இல்லாமல் கேட்கும்போது எவ்வளவு எளிய சொற்கள் என்பது தெரியும். விரித்த உறையையும் சுற்றுக்கு விடுங்கள்: முப்பட்டகத்திலிருந்து வெளிவரும் நிறங்களில் கருநீலம் இல்லை, ஆறுதான், அந்த நிறப்பட்டை உள்ளே தொடர்ந்து ஓடும்போது இதயத் துடிப்பின் கோடும் அதில் ஏறியிருக்கும்.

10. விவாதம் தடம்புரளும் இடங்கள்

மூன்று பேச்சுகள் வந்தே தீரும். வாட்டர்ஸுக்கும் கில்மோருக்கும் பின்னாளில் வந்த பகை. மனநலம் குன்றிக் குழுவிலிருந்து விலகிய சிட் பாரெட்டின் துயரம். 'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்' படத்தோடு ஆல்பத்தைச் சேர்த்து ஓட்டினால் பொருந்துகிறது என்ற கதை.

முதலாவதை நிறுத்திவிடுங்கள், 1973-ல் நால்வரும் ஒன்றாக நின்று செய்த வேலை இது, பிந்தைய சண்டையை இதற்குள் கேட்பது ஆல்பத்துக்குச் செய்யும் அநீதி. பாரெட்டைப் பற்றிப் பேசலாம், ஆனால் 'பிரெய்ன் டேமேஜ்' பாட்டோடு கட்டி. மூன்றாவது தற்செயல்தான் என்று ஆல்பத்தில் வேலை செய்தவர்களே சொல்லிவிட்டார்கள். செய்து பார்க்க ஆசை என்றால் வேறொரு நாள் செய்யட்டும்.

இந்தக் கட்டத்தில் 'எது சிறந்த பாட்டு' என்ற கேள்வியை அனுமதிக்கலாம். பதில் சொல்பவர் தன் தாளில் எழுதியதிலிருந்து காரணம் காட்ட வேண்டும்.

11. அடுத்த கூட்டத்துக்கு என்ன

எழுதிய தாள்களை வாங்கித் தேதி போட்டு, உறைக்குள்ளேயே வையுங்கள். அடுத்த வாரமே இதே ஆல்பத்தை மீண்டும் எடுக்காதீர்கள், காது சலிக்கும். சில மாதங்கள் கழித்து அதே ஆட்களோடு 1974 வெம்பிளி மேடைப் பதிவைக் கேளுங்கள். அன்று முதல் சுற்றுக்குப் பிறகு இந்தப் பழைய தாள்களை அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதிய தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒலி அளவை மட்டும் அந்தப் பதிவுக்குப் புதிதாகப் பார்த்து வைக்க வேண்டும்.